கஞ்சாத் தேநீர்: வெந்நீர் போதுமா, நெய்யும் பாலும் வேண்டுமா?

கேள்வி: ஸ்காபரோ வாசகி

கருத்துக்கள உறவுகளுக்கு வணக்கம். முதியோர் பராமரிப்பு இல்லம் ஒன்றில் இரவுப் பணி பார்க்கிறேன். காலையில் வீடு திரும்பிய பிறகும் உடம்பு அடங்குவதற்கு நெடுநேரம் ஆகிறது. விடுமுறை நாள்களில் இரவில் படுத்தாலும் கண் மூடுவதில்லை. என்னோடு பணிபுரியும் பெண்களில் இருவர் படுக்கைக்குப் போகுமுன் கஞ்சாத் தேநீர் அருந்துவதாகவும், மனம் இளகி நல்ல தூக்கம் வருவதாகவும் சொல்கிறார்கள். எனக்கு ஆஸ்துமா இருப்பதால் புகைப்பது என்ற பேச்சுக்கே இடமில்லை. கனடாவில் 2018 முதல் சட்டப்படி விற்கப்படும் பொருள்தானே என்று எண்ணி, உரிமம் பெற்ற கடையொன்றில் ஒரு கிராம் உலர்ந்த பூ வாங்கி வைத்திருக்கிறேன். பொதியை இன்னும் திறக்கவில்லை.

செய்முறையில்தான் குழப்பம். ஒருவர், பூவைக் கிள்ளித் தேயிலையோடு சேர்த்து வெந்நீரில் கொதிக்க வைத்து வடித்தால் போதும் என்கிறார். மற்றவரோ, ஓவனில் சூடாக்கி நெய்யில் காய்ச்சினால் அன்றி ஒன்றுமே இறங்காது என்கிறார். பொதியில் "டி.எச்.சி. 9 மி.கி./கிராம்" என்றும், அதற்குக் கீழே "மொத்த டி.எச்.சி. 200 மி.கி./கிராம்" என்றும் இரண்டு எண்கள் அச்சிடப்பட்டுள்ளன. இரண்டில் எதை வைத்துக் கணக்குப் பார்ப்பது? ஒரு கோப்பைக்கு எவ்வளவு போடுவது?

இரத்த அழுத்தத்துக்கு நாள்தோறும் ஒரு மாத்திரை எடுக்கிறேன். வீட்டில் இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுக்கும் மாமியாரும், ஆறு வயதுப் பேரனும் இருக்கிறார்கள். பழக்கமாக்கிக்கொள்ளும் எண்ணம் எனக்கு இல்லை. ஓய்வு நாளில் ஒரு கோப்பை குடித்து அமைதியாகப் படுக்க முடியுமா என்பதை மட்டும் அறிய விரும்புகிறேன். விஷயம் தெரிந்தவர்கள் தயவுசெய்து எழுதுங்கள். அறிவுரை மட்டும் சொல்லி அனுப்பிவிடாதீர்கள்.

பதில்: கரண்டிக் கணக்கு

அக்கா, உங்கள் தோழியர் இருவர் சொல்வதிலும் உண்மை உண்டு, இருவரும் ஆளுக்கொரு பாதியைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். உணவுப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவன் என்ற முறையில் எண்களிலிருந்து தொடங்குகிறேன்.

உலர்ந்த பூவில் இருப்பதில் பெரும்பகுதி, போதை தரும் பொருளான டி.எச்.சி. அல்ல, அதன் அமில வடிவம். அந்த அமிலம் போதை தருவதில்லை. சூடு படும்போது அதிலிருந்து கரியமில வாயு பிரிந்து போக, எஞ்சுவதுதான் மனத்தில் மாற்றம் செய்யும் டி.எச்.சி. புகைப்பவருக்கு நெருப்பே நொடியில் இந்த வேலையைச் செய்துவிடுகிறது. தேநீர் போடுபவருக்கு அப்படி நடப்பதில்லை. உங்கள் பொதியில் உள்ள முதல் எண், பூவில் ஏற்கெனவே மாறியிருக்கும் அளவைக் காட்டுகிறது. இரண்டாவது எண், அமிலம் முழுவதும் மாறினால் எவ்வளவு கிடைக்கும் என்பதைக் காட்டுகிறது. எந்த முறையில் தயாரித்தாலும் இரண்டாவது எண்ணையே கணக்கில் எடுங்கள். முதல் எண்ணைப் பார்த்து "ஒரு கிராமில் 9 மில்லிகிராம்தானே" என்று முழுவதையும் நெய்யில் போட்டுவிட்டு மறுநாள் மாலைவரை எழுந்திருக்க முடியாமல் போனவர்கள் இருக்கிறார்கள்.

இனி வெந்நீர் முறை. தண்ணீரின் சூடு 100 பாகை செல்சியஸைத் தாண்டாது; கால் மணி நேரக் கொதியில் அமிலத்தின் சிறுபகுதியே மாறும். போதாக்குறைக்கு, டி.எச்.சி. எண்ணெயோடு சேருமே தவிரத் தண்ணீரோடு சேராது. நெதர்லாந்தில் 2003 முதல் மருத்துவரின் சீட்டின்பேரில் மருந்தகங்களில் கஞ்சா கிடைக்கிறது. அங்கு நோயாளிகளுக்குச் சொல்லப்படும் தேநீர் முறை மிக எளியது: ஒரு கிராம் பூவை ஒரு லிட்டர் கொதிநீரில் போட்டு, மெல்லிய தீயில் 15 நிமிடம் வைத்து வடித்துக்கொள்வது. இப்படித் தயாரித்த தேநீரை ஆய்வகத்தில் அளந்து 2007இல் முடிவை வெளியிட்டார்கள். ஒரு லிட்டரில் சுமார் 10 மி.கி. டி.எச்.சி.யும், சுமார் 43 மி.கி. மாறாத அமிலமும் இருந்தன. பூவில் இருந்ததில் பெரும்பகுதி வடிகட்டியில் தங்கிய சக்கையோடு போய்விட்டது.

ஆனால் அந்தக் கணக்கையே கோப்பைப் பக்கமிருந்து பாருங்கள். 200 மி.லி. கோப்பை ஒன்றில் ஏறத்தாழ 2 மி.கி. டி.எச்.சி. வருகிறது. புதிதாகத் தொடங்குபவர் உண்பதிலோ குடிப்பதிலோ 2.5 மில்லிகிராமுக்கு மேல் போக வேண்டாம் என்பதுதான் கனடா சுகாதாரத் துறையின் அறிவுரை. ஆகவே, வெறுந்தண்ணீரில் ஒன்றும் இறங்காது என்பவரின் கூற்றும் சரியல்ல. கொஞ்சமே இறங்குகிறது, உங்களுக்கு வேண்டியதும் அந்தக் கொஞ்சம்தான். எத்தனை நிமிடம் கொதித்தது, எவ்வளவு தண்ணீர் வைத்தீர்கள், பூ எவ்வளவு பழையது என்பவற்றைப் பொறுத்து அளவு கூடிக் குறையும் என்பதே இதன் குறை. மிச்சத்தை எடுத்து வைத்தால் டி.எச்.சி. பாத்திரத்தின் சுவரில் ஒட்டிக்கொண்டு தேநீரின் வலு இறங்குகிறது. காப்பிக்குக் கலக்கும் பால்மாவைச் சேர்த்து வைத்தால் அந்த இழப்புக் குறையும்.

நெய் முறைக்கு வருகிறேன். உதிர்த்த பூவை ஓவன் தாளில் பரப்பி, 110 முதல் 115 பாகை செல்சியஸ் சூட்டில் 40 நிமிடம் அளவுக்கு வைத்தால் அமிலம் பெரும்பாலும் மாறிவிடும். வீட்டு ஓவன்கள் காட்டும் எண்ணும் உள்ளே இருக்கும் சூடும் ஒன்றாக இருப்பதில்லை. உள்ளே வைக்கும் தனி வெப்பமானி ஒன்றை வாங்கிக்கொள்வது நல்லது. (கொண்டோ எனும் அடுக்குமாடி வீட்டில் குடியிருப்பவர்கள் கவனிக்க: அந்த வாசனை தாழ்வாரம் முழுவதும் போகும்.) பிறகு அந்தப் பூவை நெய்யில் இட்டு, வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரமாக வைத்து இரண்டு மணி நேரம் மெல்லச் சூடாக்கி, மெல்லிய துணியில் வடிக்க வேண்டும். துணியை முறுக்கிப் பிழியாதீர்கள். பிழிந்தால் பச்சையமும் கசப்பும் சேர்ந்து இறங்கும்.

இந்த முறையில் அளவுதான் ஆபத்து. உங்களிடம் உள்ள ஒரு கிராமில் 200 மி.கி. இருக்கிறது, 2.5 மில்லிகிராம் வீதம் பிரித்தால் அது 80 கோப்பைக்கு உரியது. கால் கிராம் பூவை 100 மி.லி. நெய்யில் காய்ச்சினால், இழப்பு எதுவும் இல்லை என்று வைத்துக்கொண்டாலும், 5 மி.லி. தேக்கரண்டி ஒன்றில் 2.5 மி.கி. இருக்கும். கால் கிராமை நிறுக்கச் சமையலறைத் தராசு உதவாது. அதன் முள் அசையக்கூட அசையாது. பொன் நிறுப்பதுபோல 0.01 கிராம் காட்டும் சிறு மின்தராசு வேண்டும். அந்தத் தராசு இல்லாதவர்கள் நெய் முறையில் இறங்கவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

நெய்யை அப்படியே தேநீரில் விட்டால் மேலே படலமாக மிதந்து கோப்பையின் விளிம்பில் ஒட்டும்; முதல் மிடறில் பாதி போய்விடும், கடைசி மிடறில் வெறும் தேநீர்தான் இருக்கும். 3.25 விழுக்காடு கொழுப்புள்ள பாலைச் சூடாக்கி, அதில் நெய்யை விட்டு மின்மத்தால் நன்றாக அடித்த பிறகே தேநீரோடு கலக்க வேண்டும். சோயா லெசித்தின் ஒரு சிட்டிகை சேர்த்தால் படலம் பிரியாது. தூக்கத்துக்காகக் குடிப்பவர் கறுப்புத் தேயிலையைப் போடுவதில் பொருளில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அதிலுள்ள காஃபின் எதிர்த்திசையில் இழுக்கும். இஞ்சி, ஏலம், கொத்தமல்லி போட்டுக் கொதித்த நீரில் பால் கலந்தால் பூவின் கசப்பும் அடங்கும்.

பதில்: நல்லூரான்

தம்பி இவ்வளவு வேதியியல் எழுதியிருக்கிறார். இது நம் முன்னோருக்குத் தெரியாத பொருளா? சித்த மருத்துவத்தில் லேகியங்களில் கஞ்சா சேர்த்திருக்கிறார்கள். வட இந்தியாவில் ஹோலிப் பண்டிகைக்குப் பாலிலும் பாதாமிலும் பாங் எனும் கஞ்சா இலையை அரைத்துக் குடிக்கிறார்கள். பாலில் கலப்பது எதற்கு என்பது அவர்களுக்குத் தராசு இல்லாமலே தெரிந்திருக்கிறது. இயற்கையான மூலிகைக்கு மில்லிகிராம் கணக்குப் பார்த்து மனிதரை அச்சுறுத்த வேண்டுமா என்பதே என் கேள்வி. சகோதரி அளவோடு குடித்தால் ஒரு தீங்கும் வராது.

பதில்: மருந்துப்பெட்டி

ஐயா, பாலைப் பற்றி நீங்கள் சொன்னது முற்றிலும் சரி. ஆனால் சித்த மருத்துவத்தைச் சான்றாகக் காட்டும்போது அதன் மறுபக்கத்தையும் காட்ட வேண்டும். இந்தியாவின் மருந்துகள் மற்றும் அழகுப் பொருள்கள் விதிகளில் ஈ(1) என்றொரு அட்டவணை இருக்கிறது. சித்த மருந்துகளில் சேரும் நச்சுப் பொருள்களின் பட்டியல் அது. எட்டி, அலரி, சேராங்கொட்டை ஆகியவற்றோடு கஞ்சாவும் அதில் இடம்பெற்றுள்ளது. இவை சேர்ந்த உள்மருந்துகளை மருத்துவர் மேற்பார்வையில் மட்டுமே உட்கொள்ள வேண்டும் என்ற எச்சரிக்கையைப் புட்டியின் மேல் அச்சிட வேண்டும். சித்தர் மரபிலும் இத்தகைய பொருள்களைச் சுத்தி செய்த (நச்சு நீக்கித் தூய்மையாக்கிய) பிறகே மருந்தில் சேர்ப்பார்கள். ஆக, அளவு பார்ப்பது நம் மரபுக்குப் புதியதல்ல. நீங்களே "அளவோடு" என்றுதான் எழுதியிருக்கிறீர்கள். அந்த அளவு எவ்வளவு என்பதைத்தான் அவர் கணக்கிட்டுக் காட்டினார்.

நான் மருந்தாளராகப் பணிபுரிகிறேன். வாசகி கேட்டிருப்பதில் எனக்குப் பெரிதாகப் படுவது கோப்பைக்குள் நடப்பதைவிட, குடித்த பிறகு நடப்பது.

வாய்வழியே போகும் டி.எச்.சி. முதலில் கல்லீரலுக்குப் போகிறது. அங்கே அது 11-ஹைட்ராக்சி டி.எச்.சி. என்ற வேறொரு பொருளாக மாறுகிறது. அதுவும் மூளைக்குள் நன்றாக நுழையக்கூடியது. புகைத்தால் சில நிமிடங்களில் தெரிவது, குடித்தால் தெரிய 30 நிமிடம் முதல் 2 மணி நேரம் வரை ஆகும். உச்சத்தை எட்ட 4 மணி நேரம்கூட ஆகலாம். 12 மணி நேரம் வரை நீடிக்கும். மந்தம் 24 மணி நேரம் வரை இருக்கலாம். தவறுகள் பெரும்பாலும் முதல் ஒரு மணி நேரத்தில்தான் நிகழ்கின்றன: "ஒன்றும் செய்யவில்லையே" என்று இரண்டாவது கோப்பையைக் குடித்துவிடுகிறார்கள், பிறகு இரண்டும் சேர்ந்து வந்து இறங்குகின்றன. ஆகவே ஓர் இரவுக்கு ஒரு கோப்பை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றும் தெரியாவிட்டாலும் அன்றைக்கு அவ்வளவுதான்.

கூடுதலாக எடுத்தால் கூடுதல் அமைதி கிடைக்கும் என்றும் எண்ண வேண்டாம். சிகாகோ ஆய்வாளர்கள் 2017இல் வெளியிட்ட ஒரு சோதனையில், உடல்நலமுள்ள 42 பேரை மேடைப்பேச்சும் மனக்கணக்குமாக மன அழுத்தம் தரும் ஒரு பணியில் ஈடுபடுத்தினார்கள். 7.5 மி.கி. டி.எச்.சி. விழுங்கியவர்களுக்கு, வெற்று மாத்திரை விழுங்கியவர்களைவிடப் பதற்றம் விரைவில் தணிந்தது. 12.5 மி.கி. விழுங்கியவர்களுக்கோ பணி தொடங்குமுன்னும் நடக்கும்போதும் மனநிலை மோசமாயிற்று. இரண்டுக்கும் இடையே உள்ள வேறுபாடு வெறும் 5 மில்லிகிராம். நிறுக்காமல் கிள்ளிப் போடும் பூவில் இந்த வேறுபாடு எத்தனை மடங்கு வரும் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

உங்கள் இரத்த அழுத்த மாத்திரை குறித்து: டி.எச்.சி. இதயத் துடிப்பைக் கூட்டும். படுத்திருந்து எழும்போது இரத்த அழுத்தம் சட்டென இறங்கித் தலைசுற்றலாம். மாத்திரையும் அதே வேலையைச் செய்வதால் இரவில் கழிப்பறைக்கு எழும்போது விழுந்துவிட வாய்ப்புண்டு. முதல் முறை தனியாக இருக்கும் இரவில் குடிக்காதீர்கள். குடிப்பதற்கு முன் உங்கள் மாத்திரையின் பெயரைச் சொல்லிக் குடும்ப வைத்தியரிடமோ மருந்தகத்திலோ கேளுங்கள். இப்போது சட்டப்படியான பொருள் என்பதால் யாரும் முகத்தைச் சுளிக்க மாட்டார்கள். எங்களிடம் நாள்தோறும் இந்தக் கேள்வியோடு வருகிறார்கள். தூக்க மாத்திரை, மது, அமைதிப்படுத்தும் வேறு மருந்துகள் ஆகியவற்றோடு சேர்ப்பதை அறவே தவிர்க்க வேண்டும். குடும்பத்தில் யாருக்காவது மனப்பிறழ்வு நோய் இருந்தவர்கள், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார் ஆகியோர் இதைத் தொடாதிருப்பதே சரி. உங்கள் மாமியார் எடுப்பது வார்ஃபரின் என்றால் அவருக்கு ஒரு மிடறுகூடக் கொடுத்துவிடாதீர்கள். கஞ்சாவில் உள்ள பொருள்கள் வார்ஃபரின் உடைவதைத் தடுத்து, இரத்தக் கசிவை ஏற்படுத்தும் அளவுக்கு அதன் வேகத்தைக் கூட்டக்கூடும்.

பேரன் இருக்கும் வீட்டில் நெய் முறை எனக்கு அறவே பிடிக்கவில்லை. நம் வீடுகளில் நெய்ப் புட்டி எங்கே இருக்கும் என்பது எல்லாருக்கும் தெரியும். அடுப்பங்கரை மேடையில் இருக்கும் அதைப் பார்த்துப் பாட்டி பேரனின் பருப்புச் சோற்றில் ஒரு கரண்டி விட்டால், பெரியவருக்கான அளவு சிறுவனுக்குள் போய்விடும். உண்ணும் வடிவக் கஞ்சா விற்பனைக்கு வந்த பிறகு, தெரியாமல் தின்றுவிட்ட குழந்தைகள் ஒன்ராறியோ மருத்துவமனைகளுக்கு வருவது கூடியிருக்கிறது. மயக்கமும் மூச்சுத் தளர்ச்சியும் குழந்தைகளுக்கு வரும். பூட்டுள்ள பெட்டியில், குழந்தைகள் திறக்க முடியாத மூல டப்பாவிலேயே வையுங்கள். ஒருவேளை நடந்துவிட்டால் 1-844-764-7669 என்ற கனடா நச்சுத் தகவல் நிலைய எண்ணை அழைக்கலாம். குழந்தை எழுப்ப எழாவிட்டால் நேராக 911.

தூக்கத்தைப் பற்றியும் நேராகச் சொல்லிவிடுகிறேன். தூக்கம் சீக்கிரம் வருவதாகப் பலர் உணர்வது உண்மை. நாள்தோறும் எடுத்தால் உடம்பு பழகி அதே அளவு வேலை செய்யாது. நிறுத்தினால் சில இரவுகளுக்குத் தூக்கம் கெட்டுக் கனவுகள் மிகும். இரவுப் பணியால் வரும் தூக்கக்கேட்டுக்கு இது மருந்தாகாது. வாரத்தில் ஓர் ஓய்வு நாளில் என்று நீங்கள் நினைத்திருப்பது நல்ல வரம்பு.

பதில்: நான்காவது செடி

சட்டப் பக்கத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒன்ராறியோவில் 19 வயது நிறைந்தவர் வாங்கலாம். பொதுவிடத்தில் 30 கிராம் வரை உலர்ந்த பூ வைத்திருக்கலாம். ஒரு வீட்டுக்கு நான்கு செடி வரை வளர்க்கலாம். சொந்தப் பயன்பாட்டுக்கு வீட்டில் உணவாகவோ பானமாகவோ தயாரிக்கவும் சட்டம் இடம் தருகிறது. எளிதில் தீப்பற்றும் கரைப்பான்களைக் கொண்டு செறிவைப் பிரித்தெடுப்பதற்கு மட்டும் தடை. நெய்யும் பாலும் அந்தத் தடையில் வரா. வாடகை வீடு, கொண்டோ ஆகியவற்றின் ஒப்பந்தத்தில் தனி விதிகள் இருக்கலாம், படித்துக்கொள்ளுங்கள்.

வாசகிக்கு நான் அழுத்திச் சொல்ல விரும்புவது வாகனத்தைப் பற்றி. குடித்த மறுநாள் காலையில் தலை தெளிந்ததுபோல் இருந்தாலும் இரத்தத்தில் டி.எச்.சி. இருக்கக்கூடும்; ஒரு மில்லிலிட்டர் இரத்தத்தில் 2 நானோகிராம் இருந்தாலே குற்றம், 5 நானோகிராமுக்கு மேல் தண்டனை கடுமையாகிறது. இளவயதினருக்கும், ஜி1, ஜி2 எனும் புது ஓட்டுநர் உரிமம் உள்ளவர்களுக்கும், பாரவண்டி ஓட்டுபவர்களுக்கும் ஒன்ராறியோவில் அளவே கிடையாது, சிறிதும் இருக்கக் கூடாது. குடியுரிமை இன்னும் பெறாமல் நிரந்தர வதிவிடத்தில் இருப்பவர்களுக்கு இதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. 2018 டிசம்பரில் போதையில் வாகனம் ஓட்டுவதற்கான உச்சத் தண்டனை 10 ஆண்டாக உயர்த்தப்பட்டதால், குடிவரவுச் சட்டத்தில் அது கடுங்குற்றமாகிவிட்டது. நாடு கடத்தப்படும் நிலைவரை போகலாம். நம்மவர் பலர் இதை அறியாமல் அபராதத்தோடு முடிந்துவிடும் என்று நினைக்கிறார்கள்.

ஊருக்குப் போகும்போது பையில் ஒரு தேநீர்ப் பொட்டலம்கூட இருக்கக் கூடாது. கனடாவின் எல்லையைக் கடந்து கொண்டுபோவதும் கொண்டுவருவதும் இங்கேயே குற்றம். மருத்துவர் எழுதிக் கொடுத்திருந்தாலும் விலக்கு இல்லை. இலங்கையிலும் இந்தியாவிலும் இறங்கியபின் என்ன நடக்கும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

ஸ்காபரோ வாசகி

எல்லாருக்கும் நன்றி. நெய்ப் புட்டியைப் பற்றி எழுதியதைப் படித்தபோது எங்கள் வீட்டு அடுப்பங்கரையை நேரில் பார்த்துவிட்டு எழுதியதுபோல் இருந்தது. அந்த முறையை விட்டுவிட்டேன். என் மாத்திரையைப் பற்றி மருந்தகத்தில் கேட்டுவிட்டுத்தான் தொடங்குவேன். மாமியார் எடுப்பது வார்ஃபரின்தான்.

பணி அட்டவணையையும் பார்த்தேன். காலை ஏழரைக்கு வந்து குடித்தால், அன்றிரவு பதினொரு மணிக்கு மீண்டும் வேலை. 24 மணி நேரக் கணக்குப்படி அது ஒத்துவராது. அடுத்தடுத்து இரண்டு நாள் ஓய்வு வரும் வாரத்தில், முதல் இரவில் மட்டும் என்று வைத்துக்கொள்ளலாம்.

கரண்டிக் கணக்குத் தம்பியிடம் இரண்டு கேள்விகள். என்னிடம் தராசு இல்லை, வாங்கவும் விருப்பமில்லை. தராசு இல்லாமல் சரியான அளவில் தேநீர் தயாரிக்க வழி உண்டா? வாங்கி வைத்த பூவை என்ன செய்வது?

பதில்: கரண்டிக் கணக்கு

உண்டு, அக்கா. உங்கள் நிலையில் அதுவே நல்ல வழி என்றும் சொல்வேன். நீங்கள் பூ வாங்கிய அதே வகைக் கடையில், ஏற்கெனவே சூடாக்கி எண்ணெயில் கரைத்த கஞ்சா எண்ணெய் சிறு புட்டியில் கிடைக்கும். அமிலம் மாறியாயிற்று, கொழுப்பிலும் கரைந்தாயிற்று, ஆய்வகத்தில் அளந்தும் ஆயிற்று. ஓவனும் வாசனையும் துணியும் தேவையில்லை. ஒரு மில்லிலிட்டரில் எத்தனை மில்லிகிராம் என்பது புட்டியின் மேல் இருக்கும். 10 மி.கி. என்று இருந்தால் ஊசியில்லாத அளவுக்குழலில் 0.25 மி.லி. எடுங்கள், அது 2.5 மி.கி. புட்டியில் 25 மி.கி. அல்லது 30 மி.கி. என்று இருந்தால் அந்தப் புட்டி வேண்டாம். அவ்வளவு சிறிய துளியைக் குழலில் சரியாக அளக்க முடியாது. டி.எச்.சி.யும், கஞ்சாவில் உள்ள போதை தராத இன்னொரு பொருளான சி.பி.டி.யும் ஏறத்தாழச் சம அளவில் உள்ளவையும் விற்பனைக்கு உண்டு, ஆனால் சி.பி.டி. மற்ற மருந்துகளோடு முட்டிக்கொள்வது கூடுதல் என்பதால், எதை வாங்குவது என்பதையும் மருந்தகத்தில் மாத்திரையைப் பற்றிக் கேட்கும்போதே கேட்டுவிடுங்கள்.

எண்ணெயையும் முன்சொன்னபடி சூடான பாலில் விட்டு அடித்துக் கலக்குங்கள். கோப்பையில் நேராகச் சொட்டினால் விளிம்பில் ஒட்டிக்கொள்ளும். கொத்தமல்லித் தண்ணீரில் அந்தப் பாலை ஊற்றி, இராச் சாப்பாடு முடிந்து ஒரு மணி நேரம் கழித்து, படுப்பதற்கு இரண்டு மணி நேரம் முன்னதாகக் குடித்துவிட்டால் படுக்கும் நேரத்துக்கு அது வந்து சேரும். வெறும் வயிற்றில் குடித்தால் எதிர்பாராத வேகத்தில் ஏறும். எண்ணெயை அளக்கவும் மனமில்லை என்றால், பையாக அடைத்த கஞ்சாத் தேயிலையும் கடைகளில் உண்டு. உண்ணும் பொருளின் பொதி ஒன்றில் 10 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது இங்குள்ள சட்டம். ஆனால் 10 மி.கி. ஒரே பையில் இருந்தால், அந்தக் கோப்பை உங்களுக்கு நான்கு பங்கு என்பதை மறக்க வேண்டாம்.

பூவைப் பற்றிக் கேட்டீர்கள். தராசில்லாமல் அதைத்தான் பயன்படுத்த வேண்டும் என்றால் டச்சுக்காரர் முறையைப் பின்பற்றுங்கள்: முழு ஒரு கிராம் பொதியையும் ஒரு லிட்டர் தண்ணீருக்குப் போட்டு, 15 நிமிடம் மெல்லிய தீயில் வைத்து வடித்து, அதில் 200 மில்லிலிட்டரை அளந்து எடுத்துக் குடித்துவிட்டு மிச்சத்தை வடிகாலில் ஊற்றிவிடுங்கள். பாத்திரத்தில் குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்தால் பேரன் வீட்டில் அது நெய்ப் புட்டியைவிட மோசம். பார்க்க ஆறிய தேநீர்போலத்தான் இருக்கும். வடித்த சக்கையிலும் டி.எச்.சி. நிறைய எஞ்சியிருப்பதால் அதைத் திறந்த குப்பைக்கூடையில் போடாமல், பழைய காப்பித்தூளோடு பிசைந்து பையில் கட்டிப் போடுங்கள். நாய் வளர்ப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம்.

எண்ணெய்ப் புட்டியை வெளிச்சமும் சூடும் படாத இடத்தில் வைத்துப் பூட்டுங்கள். நாள்பட வைத்திருந்தால் அடியில் தங்கும் வாய்ப்பிருப்பதால், ஒவ்வொரு முறையும் நன்றாகக் குலுக்கிய பிறகே குழலில் உறிஞ்ச வேண்டும். குழலின் வெளிப்புறத்தைத் துடைத்துவிட்டுப் பாலில் விடுங்கள், பிறகு அந்தப் பாலையே ஒருமுறை குழலுக்குள் இழுத்துக் கோப்பையில் திருப்பி விடுங்கள். உள்ளே ஒட்டியதும் வந்துவிடும்.